வேகமா வளர்ற டேபிளுக்கு எத்தனை இண்டெக்ஸ்?

இன்னைக்கு நம்ம டாபிக் டேட்டாபேஸ். பெரிய டேபிள், அதுவும் நாளுக்கு நாள் வளர்ற டேபிள். அதுக்கு எந்த இண்டெக்ஸ் போடணும், எதைப் போடாம விடணும்?

எங்க ஊர் சேரன்மகாதேவியில இருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு வயலோட பட்டாவை அரசு தளத்துல பாக்கணும்னா அது வரிசையா கேக்கும்: மாவட்டம் திருநெல்வேலி, வட்டம் சேரன்மகாதேவி, அடுத்து கிராமம், கடைசியா புல எண், உட்பிரிவு. வெறும் '112'ன்னு சொன்னா பிரயோஜனமே இல்ல. ஒவ்வொரு கிராமத்துலயும் புல எண் 1-ல இருந்துதான் தொடங்குது.

காம்போசிட் இண்டெக்ஸும் இதே கதைதான். கிராமம், புல எண்ன்னு வரிசை வச்சா, கிராமம் தெரிஞ்ச கேள்விக்கு உடனே பதில் வரும். புல எண்ணை மட்டும் வச்சுத் தேடினா அந்த இண்டெக்ஸால பெருசா உதவி இருக்காது. அதனால காலம் வரிசைதான் முக்கியம்.

ஆனா பட்டா டேபிள் மெதுவா மாறுறது. யூபிஐ மாதிரி ஒண்ணை எடுத்துக்கோங்க. 2016-ல வந்தது, 2025 ஆகஸ்ட்ல ஒரே மாசத்துல 2000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டிடுச்சு. சராசரியா வினாடிக்கு 7000-க்கு மேல. அப்படி ஒரு டேபிள்ல 6 இண்டெக்ஸ் இருந்தா, ஒவ்வொரு புது வரிக்கும் 6 இடத்துல எழுதணும். வினாடிக்கு 42,000 பதிவு! தேடறது வேகமாகணும்னு நாம போடுற ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் எழுதும்போது விலை கொடுக்கிறோம். அந்தத் தாமதம் கடைசியில டீக்கடை கல்லாவுல பணம் வந்துச்சான்னு காத்து நிக்கிறவர் தலையிலதான் விழும்.

அதனால முதல்ல கேள்விகளை எழுதுங்க. இந்த டேபிள்ல பொதுவா மூணு கேள்வி வரும்.

ஒண்ணு, இந்த ரெஃபரன்ஸ் எண் என்னாச்சு? அதுக்கு ஒரு யூனிக் இண்டெக்ஸ்.

ரெண்டு, இந்தக் கடையோட கடைசி 20 பரிவர்த்தனை? கடை ஐடி முதல்ல, நேரம் அடுத்து. சமம்னு கேக்குற காலம் முன்னாடி, வரிசைப்படுத்துற காலம் பின்னாடி. இது இருந்தா கடை ஐடிக்குத் தனி இண்டெக்ஸ் வேண்டாம்.

மூணு, இன்னும் முடியாம நிக்கிறது எது? இங்கதான் நிறைய பேர் ஸ்டேட்டஸ் காலம் முழுசுக்கும் இண்டெக்ஸ் போடுவாங்க. பெரும்பாலான வரி 'முடிஞ்சது'ன்னுதான் இருக்கும், அதையெல்லாம் எதுக்குச் சுமக்கணும்? போஸ்ட்கிரெஸ்ல பார்ஷியல் இண்டெக்ஸ் இருக்கு. 'பெண்டிங்' வரிகளுக்கு மட்டும் போடுங்க, குட்டியா இருக்கும்.

ஆக, 6 இல்ல, 3 போதும்.

லைவ்ல போடும்போது ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸ்ல சாதாரண க்ரியேட் இண்டெக்ஸ் முடியற வரைக்கும் டேபிள்ல எழுத விடாது. கன்கரன்ட்லி சேர்த்துப் போடுங்க. நேரம் கூட ஆகும், ஆனா எழுதுறது நிக்காது. நடுவுல தோத்துட்டா செல்லாத இண்டெக்ஸ் ஒண்ணு பின்னாடி கிடக்கும், அதை நீக்கிட்டுத் திரும்ப ஆரம்பிங்க.

ஏற்கெனவே இருக்கிற இண்டெக்ஸ்ல யாரும் தொடாதது எதுன்னும் பாருங்க. ஸ்கேன் எண்ணிக்கையை போஸ்ட்கிரெஸே வச்சிருக்கு. மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஓடுறது இருக்கலாம், ரெப்ளிகாவுல பயன்படலாம், அதையும் விசாரிச்சுட்டு நீக்குங்க.

இந்த வாரம் உங்க டீம்ல பெரிய டேபிள் ஒண்ணைத் திறந்து ஒவ்வொரு இண்டெக்ஸும் எந்தக் கேள்விக்குன்னு கேட்டுப் பாருங்க. பதில் இல்லாதது எத்தனைன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ட்டிஷனிங் பேசலாம்.