கடுஞ்சொல்லும் கேட்கப்படாத கேள்வியும்: மருத்துவப் பணியில் பெண்கள்



தாதிமைப் பணியிலும், பின்னர்த் தாதியரைப் பயிற்றுவிக்கும் பணியிலும் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இனிமையானதன்று. மருத்துவப் பணியிலுள்ள பெண்கள் ஒருவரையொருவர் சொல்லாலும் செயலாலும் புண்படுத்தும் வழக்கத்தைப் பற்றியது அது.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழகத்தார் 'செவிலியர்' என்கின்றனர். இங்கே நாம் 'தாதியர்' என்கிறோம். இரண்டு சொற்களும் பெற்றவளுக்கு மாற்றாக நின்று பிள்ளையை வளர்த்தவளையே முன்னாளில் குறித்தன. சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்தவள் செவிலித்தாய். சிங்கப்பூரில் இப்பணியின் தொடக்கமும் தொண்டிலிருந்து பிறந்ததே. 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் பிரெஞ்சுக் கன்னியர் மடத்துச் சகோதரிகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணத் தொடங்கினர். அந்நாளையே இன்றும் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இவ்வாறு பெயரிலும் பிறப்பிலும் தாய்மையைத் தாங்கிய பணியில், அந்தத் தாய்மை பல வேளைகளில் நோயாளியின் கட்டிலோடு நின்றுவிடுகிறது. அருகில் கைநடுக்கத்துடன் நிற்கும் இளைய தாதியை அது எட்டுவதில்லை.

என் முதலாண்டு அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். நான் பணியாற்றிய வார்டில் திறமை மிக்க மூத்த தாதி ஒருவர் இருந்தார். ஒருநாள் நான் கேட்ட எளிய ஐயத்திற்கு, "இதுகூடத் தெரியாமல் எப்படித் தேர்ச்சி பெற்றாய்?" என்று நோயாளிகளின் முன்னிலையிலேயே வினவினார். பிறகு சில வாரங்கள் என் வணக்கத்திற்கும் மறுமொழி இல்லை. அக்காலத்தில்தான் ஓர் இரவு, கையால் எழுதப்பட்ட மருந்துக் குறிப்பொன்றை எடுத்தேன். இன்சுலின் அளவு 4 என்று எழுதி, அலகைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைப் பக்கத்தில் இட்டிருந்தார்கள். அவ்வெழுத்து சுழியம் போலத் தெரிந்தது. நான்கா, நாற்பதா? கேட்க வேண்டிய அந்த மூத்தவர் பத்தடித் தொலைவில் அமர்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. நாற்பது அலகு மருந்தை ஊசியில் ஏற்றினேன். இருவர் சரிபார்த்த பின்னரே இன்சுலின் செலுத்த வேண்டும் என்ற விதி இருந்தமையால், பார்க்க வந்த மற்றொரு தாதி தடுத்துவிட்டார். தடுத்திராவிட்டால், அந்த நோயாளியின் இரத்தச் சர்க்கரை உயிருக்கே ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கக்கூடும்.

பிழை என்னுடையதே. ஆயினும் அந்தப் பிழைக்கு முன்பே என் நாவைக் கட்டிய சொல் ஒன்று இருந்தது.

இஃது என் ஒருத்தியின் கதை மட்டுமன்று. 2015இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். நோயுற்ற குறைமாதக் குழந்தைக்குச் சிகிச்சை அளிப்பது போன்ற பயிற்சி அது. சில குழுக்கள் வெளியார் ஒருவரின் மரியாதைக் குறைவான பேச்சைக் கேட்க நேர்ந்தது. ஏனைய குழுக்கள் இயல்பான பேச்சையே கேட்டன. அவமதிப்பைக் கேட்ட குழுக்கள் நோயை அறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. அவர்களிடையே தகவல் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்ததே முக்கியக் காரணமாகக் காணப்பட்டது. கடுஞ்சொல் கேட்டவரின் மனத்தோடு நிற்பதில்லை. நோயாளியின் உடல்வரை செல்கிறது.

இனிக் காரணத்திற்கு வருவோம். "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்று சொல்லிவிட்டு அகல்வது நம் வழக்கம். ஆண்களும் தம் இளையோரைக் கடிகின்றனர். அப்போது "ஆணுக்கு ஆணே எதிரி" என்று எவரும் பழமொழி கூறுவதில்லை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ ஃபிரேயிரே, மேலிருந்து ஒடுக்கப்படுவோர் மேலே திருப்ப இயலாத சினத்தைத் தம் பக்கத்திலிருப்போர் மீது திருப்புவர் என்று விளக்கினார். 1983இல் அமெரிக்கத் தாதிமை அறிஞர் சூசன் ராபர்ட்ஸ் இக்கருத்தைத் தம் துறைக்குப் பொருத்திக் காட்டினார். மருத்துவரிடமும் நிருவாகத்திடமும் பேச முடியாத தாதி, தனக்குக் கீழுள்ளவளிடம் பேசித் தீர்க்கிறாள்.

பெண் மருத்துவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் 1979 முதல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே என்ற வரம்பு இருந்தது. 2003இல்தான் அது நீங்கியது. இடம் குறைவென்று முன்கூட்டியே அறிவித்த வாயிலில் நுழைந்தவருக்கு, பின்னால் வரும் பெண் தோழியாகத் தோன்றுவாளா, போட்டியாகத் தோன்றுவாளா? "நான் பட்டதை அவளும் படட்டும்" என்ற எண்ணம் பிறவிக்குணமன்று. நெருக்கடி கற்பித்த பாடம்.

மொழி மன்றத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் முறையிட விரும்புகிறேன். இத்தகைய கொடுமையைப் 'பகடிவதை' என்கிறோம். பகடி என்றால் கேலி. ஆனால் நான் சொல்லும் வதையில் கேலி இருக்க வேண்டியதில்லை. பணிமாற்றத்தின்போது தகவலை மறைத்தல், வேண்டுமென்றே கடினமான பணிநேரங்களை ஒதுக்குதல், ஒருவரை உணவு மேசையில் தனித்து விடுதல் ஆகியவை ஓசையின்றி நடப்பவை. அவற்றையும் உள்ளடக்கும் சொல் வேண்டும். பெயரில்லாத துன்பத்தைப் பற்றி எவரும் புகார் எழுத முடியாது.

இன்னொன்றையும் நான் மறைக்கலாகாது. பல ஆண்டுகளுக்குப் பின், மூத்த தாதியான நான், பணி மிகுந்த ஒரு காலையில், புதிதாய் வந்த பெண்ணிடம், "இதுகூடத் தெரியாமல் எப்படித் தேர்ச்சி பெற்றாய்?" என்று கேட்டேன். அதே சொற்கள், அதே தொனி. அவள் முகம் வாடியபோதுதான் என் குரலில் யார் பேசுகிறார் என்பதை உணர்ந்தேன். அன்று மாலை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னிடம் ஓர் ஐயம் கேட்டாள். அதைவிடப் பெரிய மன்னிப்பை நான் பெற்றதில்லை.

ஆசிரியர்களே, கேள்வி கேட்ட மாணவரை நாணச் செய்யாத வகுப்பறையே நாளைய வார்டுக்கு முதற்பயிற்சி. திருத்த வேண்டியதைத் தனியே திருத்துங்கள். பாராட்ட வேண்டியதைப் பலர் முன் பாராட்டுங்கள். மாணவர்களே, நீங்கள் இளையவராக நுழையும் பணியிடத்தில் இழிவுபடுத்தப்பட்டால், நாளும் நேரமும் குறித்து வையுங்கள். நம்பத்தக்க மேலவரிடம் தெரிவியுங்கள். 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் பணியிடத்திற்கும் பொருந்தும் என்பதை அறிந்திருங்கள். எந்நிலையிலும், நோயாளிக்காகக் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

ஒருநாள் நீங்களும் மூத்தவராவீர்கள். அன்று ஓர் இளையவர் தயங்கியபடி மருந்துக் குறிப்புடன் உங்களிடம் வருவார். நான்கா, நாற்பதா என்று அவர் அச்சமின்றிக் கேட்கும்படி நடந்துகொள்ளுங்கள்.