கைகொடுப்பது தேடலே!

(‘அறியாத தொழிலைப் பற்றி நாவல் எழுதுபவருக்குப் பெரிதும் கைகொடுப்பது கற்பனையே! தேடலே!’ என்ற பட்டிமன்றத்தில் ‘தேடலே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! என் அணியின் தோழர்களே! எதிரணியில் கற்பனைச் சிறகைக் கட்டிக்கொண்டு, எப்போது பறக்கலாம் என்று காத்திருக்கும் நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து எங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டாங்க. “ஆராய்ச்சியெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கறவங்க செய்யட்டும், கதை எழுதறவனுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி?” என்று கேட்டாங்க. கேட்டதுகூடப் பரவாயில்லை, என்னைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க! (சிரிப்பு)

அம்மா, நானும் பட்டம் வாங்கினவன்தான். நூலகத் தூசியில் தும்மித் தும்மி வாங்கினவன். அந்த அனுபவத்துல சொல்றேன், நாவலாசிரியர் படும் பாடு எங்கள் பாட்டைவிடப் பெரிது. ஏன்? எனக்கு எதைத் தேட வேண்டும் என்று சொல்ல ஒரு வழிகாட்டிப் பேராசிரியர் இருந்தார். அறியாத தொழிலை எழுதப் புகுந்தவருக்கோ, தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாது! நடுவர் அவர்களே, அதுதான் இந்த வேலையின் முதல் சிக்கல்.

ஓர் உதாரணம் சொல்றேன். ஓர் எழுத்தாளர் காஞ்சிபுரத்து நெசவாளியைப் பற்றிக் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டு நகராமல் எழுதுகிறார். “நள்ளிரவு. துணைக்கு யாருமில்லை. தன்னந்தனியாகத் தறியில் அமர்ந்து, கண்ணீர் வழிய அந்தக் கோர்வைப் பட்டுச்சேலையை நெய்தான்.” படிக்கிற நமக்குக் கண்ணு கலங்கும். காஞ்சிபுரத்துக்காரருக்குச் சிரிப்பு வரும்! “ஏங்க, உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ரெண்டையும் கோத்து நெய்யறதுதான் கோர்வை. கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிவிட இன்னோர் ஆள் கூட உட்காரணுமே! தன்னந்தனியா எப்படி நெஞ்சான்?” என்று கேட்பார். (சிரிப்பு, கைதட்டல்) அவ்வளவுதான், கதை முடிஞ்சுபோச்சு. நாயகன் சாகறதுக்கு முன்னாடியே நாவல் செத்துப்போச்சு!

இன்னொன்று கவனியுங்கள். அந்த இரண்டாவது ஆள் யார் என்று தேடியிருந்தால் அங்கே ஒரு பெரிய கதை கிடைத்திருக்கும். மனைவியா? பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையா? ஒரு தகவல் தப்பியதால் ஒரு மனிதரே காணாமல் போய்விட்டார்!

எதிரணி நண்பர்கள் கேட்கலாம்: “உலகத்துப் பெரிய நாவலாசிரியர்கள் எல்லாம் இப்படியா அலைந்தார்கள்?” அலைந்தார்கள் அய்யா!

பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா. பாரிஸ் நகரத்தில் புகழோடு வாழ்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுத வேண்டும். 1884ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், வடக்கு பிரான்ஸில் ஆன்ஸான் சுரங்கப் பகுதியில் வேலைநிறுத்தம் நடக்கிறது. அங்கே போனார். தொழிலாளர் குடியிருப்பில் நுழைந்தார். குறிப்பேடும் கையுமாகச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கினார்.

உள்ளே ஒரு காட்சி. கரி ஏற்றிய வண்டியைக் குதிரை இழுக்கிறது. பூமிக்கு அடியில் குதிரை! ‘இதை எப்படி இங்கே கொண்டு வந்தார்கள்? எப்போது மேலே போகும்?’ கேள்வி பிறக்கிறது. பதில் என்ன தெரியுமா? வந்த குதிரைக்கு அங்கேதான் லாயம், அங்கேதான் வாழ்வு. ஆண்டுக்கணக்கில் வெயிலைப் பார்க்காது. பல குதிரைகள் செத்த பிறகுதான் மேலே வரும்!

சுரங்கத் தொழிலாளி இதைத் தானாகச் சொல்லியிருப்பாரா? மாட்டார். அவருக்கு அது தினம் பார்க்கிற சங்கதி. கற்பனைக்கு எட்டியிருக்குமா? எட்டாது. வெளியூர்க்காரர் ஒருவர் நேரில் போய், வெட்கப்படாமல், வெள்ளந்தியாகக் கேட்டால்தான் கிடைக்கும். 1885இல் நூலாக வந்த ‘ஜெர்மினல்’ நாவலில் அந்தக் குதிரைகள் பாத்திரங்களாகவே வருகின்றன. பத்தாண்டுகளாக உள்ளே கிடக்கிற கிழட்டுக் குதிரை, புதிதாக இறக்கப்பட்ட குதிரையை மோந்து பார்க்கிறது. அதன் மேலே வெயிலின் வாசனை, புல்லின் வாசனை! அந்த மோப்பம் கற்பனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதிரை? அது தேடலில் கிடைத்த குதிரை! (பலத்த கைதட்டல்)

பிரான்ஸுக்கு ஏன் போகணும்? நம்ம ராஜம் கிருஷ்ணன் அம்மா இருந்தாங்களே! 1925இல் முசிறியில் பிறந்து, 2014இல் மறைந்தாங்க. கல்லூரி வாசலை மிதிக்காதவங்க. பதினைந்து வயதில் கல்யாணம். ஆனால் படகர் வாழ்வை எழுத நீலகிரியில் தேடினாங்க: ‘குறிஞ்சித்தேன்’. மீனவரைத் தேடிப் போனாங்க: ‘அலைவாய்க்கரையில்’. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனாங்க: ‘கரிப்பு மணிகள்’.

உப்பளத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நமக்குத் தமிழில் மழை என்றாலே மங்கலம். மழை வந்தால் மகிழ்ச்சி வந்தது என்று எழுதியே பழகிய கை. உப்பளத் தொழிலாளிக்கு மழை யார்? எதிரி! வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பு கரையும், வேலை போகும், அடுப்பு அணையும். வெயில் அடித்தாலோ, வெள்ளை உப்பில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். உப்புநீர் காலைப் புண்ணாக்கும். வெயிலடித்தால் உடம்புக்குக் கேடு, மழை பெய்தால் வயிற்றுக்குக் கேடு! வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால், நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஒரு மழையைப் பெய்யவைத்து “துன்பம் தீர்ந்தது” என்று முடித்திருப்போம்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் சொன்னார்: “தகவல் கூடினால் நாவல் டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும்.” ஆகும். புதிதாகக் கார் ஓட்டக் கற்றவன் கியர் போடுவதைப் பற்றியே பேசுவான். நன்றாக ஓட்டத் தெரிந்தவன் ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பான். பெருங்காயம் மணக்கணும், ஆனா கட்டி பல்லில் படக்கூடாது. தகவல் தெரிந்தவருக்குத்தானே எதை மறைக்கலாம் என்பது தெரியும்? தெரியாதவர் எதை மறைப்பார்?

கபிலரைப் பாருங்கள். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசையாக அடுக்குகிறார். மலையைப் பார்க்காதவராயிருந்தால் மல்லிகை, முல்லை என்று இரண்டோடு கடையைக் கட்டியிருப்பார்! ஆனால் அது வெறும் பட்டியலா? இல்லையே! அத்தனை பூவையும் பெண்கள் பறித்துப் பாறைமேல் குவித்து விளையாடுகிறார்கள். 99 தகவலும் பெண்களின் கைக்கு வந்ததும் பாட்டாகிவிட்டது!

நடுவர் மணியைப் பார்க்கிறார். முடிக்கிறேன்.

நடுவர் அவர்களே, தேடல் என்பது தகவல் சேர்க்கும் வேலை மட்டுமல்ல; ஓர் உழைப்பாளிக்குச் செய்யும் மரியாதை. “உன் வாழ்க்கை எனக்குத் தெரியாது. நீ சொல், நான் கேட்கிறேன்” என்று ஒரு படித்தவர் உப்பளத்திலும் சுரங்கத்திலும் போய் நிற்பது சின்ன விஷயமா?

1902இல் எமிலி ஜோலா இறந்தார். பாரிஸில் இறுதி ஊர்வலம். சுரங்கத் தொழிலாளர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் எழுப்பிய முழக்கம் என்ன தெரியுமா? “ஜெர்மினல்! ஜெர்மினல்!” ஒரு நாவலின் பெயர், ஒரு கூட்டத்தின் முழக்கமானது! “எங்களை வைத்துக் கதை கட்டினார்” என்று நினைத்திருந்தால் அவர்கள் வந்திருப்பார்களா? “எங்கள் இருட்டுக்குள் இறங்கிப் பார்த்தவர்” என்பதால் வந்தார்கள்!

எனவே, அறியாத தொழிலை எழுத வருபவருக்குப் பெரிதும் கைகொடுப்பது தேடலே, தேடலே என்று நல்ல தீர்ப்பை வழங்குங்கள்!