மான் பல் சொன்ன வயது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். விடையோடு "கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று பிழை எல்லை போடாவிட்டால் எங்கள் பேராசிரியர் ரெக்கார்டு நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார். "பிழை போடாத விடை, விலாசம் எழுதாத தபால்ப்பா" என்பார். அன்று முணுமுணுத்தோம். அந்தக் கூட்டல் கழித்தல்தான் மனித குலத்தின் வம்சாவளியையே திருத்தியது.

இஸ்ரேல் நாட்டில் இரண்டு குகைகள். நாசரேத் ஊருக்கு அருகே கஃப்சே. கார்மல் மலையில் கெபாரா. கஃப்சேயில் கிடைத்தவை நம்மைப் போன்ற மனிதர்களின் எலும்புகள். கெபாராவில் 1983-ல் கிடைத்தது தலை இல்லாத ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூடு. அப்போது பலரும் நம்பியது என்ன? நியாண்டர்தால் பாட்டன், அவன் படிப்படியாக மாறி நாமானோம். அப்படியானால் கெபாரா முந்தியதாகவும் கஃப்சே பிந்தியதாகவும் இருக்க வேண்டும். இதைச் சோதிப்பது எப்படி?

கார்பன் 14 முறை இங்கே கை கொடுக்காது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. அப்போதுதான் மிருகங்களின் பல் உதவிக்கு வந்தது. மனிதப் பல்லை அறுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்த மனிதர்கள் தின்று போட்ட கெசல் மானின் பற்கள் அதே மண் அடுக்கில் நிறையக் கிடக்கின்றனவே!

பல்லின் மேலே இருக்கும் எனாமல் ஒரு உண்டியல் மாதிரி. சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சும், வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் எனாமலில் உள்ள எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. அவற்றில் சில படிகத்தின் குறைகளில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்கும். வருஷம் ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். காந்தப் புலத்தில் பல் தூளை வைத்து மைக்ரோ அலையைச் செலுத்தினால், மாட்டிக்கொண்ட எலெக்ட்ரான்கள் தம் கணக்கைச் சொல்லிவிடும். இதுதான் எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு, சுருக்கமாக ஈ.எஸ்.ஆர். 1975-ல் ஜப்பானின் மோட்டோஜி இகேயா, குகைச் சுண்ணாம்புப் படிவத்தின் வயதை இந்த முறையில் கணித்து வழி திறந்தார்.

பிறகு கணக்கு சுலபம். தூளைப் பல பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் கூடுதல் காமா கதிர் கொடுத்து, சிக்னல் எப்படி வளர்கிறது என்று கிராஃப் போட வேண்டும். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பல் இதுவரை வாங்கிய மொத்தக் கதிர் அளவு கிடைக்கும். அதை ஓர் ஆண்டுக்கு உரிய அளவால் வகுத்தால் வயது. உதாரணத்துக்கு, மொத்தம் 60 கிரே, ஆண்டுக்கு ஒரு கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், 60,000 ஆண்டு.

சிக்கல் வகுக்கும் எண்ணில்தான். ஒன்று, பல்லைச் சுற்றியிருந்த மண். காமா கதிர் சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்துகூட வரும். பல்லைச் சுத்தமாகக் கழுவி, மண்ணைக் கொட்டிவிட்டு அலமாரியில் வைத்தால், பாதிச் சாட்சியைக் கலைத்த மாதிரி. இரண்டு, புதைந்த பல் நிலத்தடி நீரிலிருந்து யுரேனியத்தை உறிஞ்சும். புதைந்த உடனே உறிஞ்சியதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? உடனே என்றால் வயது குறையும். படிப்படியாக என்றால் கூடும். நேர்மையான ஆய்வாளர் இரண்டு விடையையும் எழுதுவார்.

ஹென்றி ஷ்வார்ட்ஸ், ரைனர் க்ரூன் குழுவினர் அப்படித்தான் எழுதினார்கள். 1988-ல் வெளியான கஃப்சே முடிவு: உடனடிக் கணக்கில் 96,000, கூட்டல் கழித்தல் 13,000, படிப்படிக் கணக்கில் 115,000, கூட்டல் கழித்தல் 15,000. அடுத்த ஆண்டு கெபாரா: 60,000, கூட்டல் கழித்தல் 6,000, மற்றக் கணக்கில் 64,000 அளவு. தீயில் வெந்த சிக்கிமுக்கிக் கற்களை வேறு முறையில் அளந்த எலென் வல்லாதாஸ் குழுவும் கஃப்சேக்கு 92,000, கெபாராவுக்கு 60,000 என்றே கண்டது.

பேராசிரியர் சொன்னபடி பிழையை முழுசாகப் போட்டுப் பாருங்கள். கஃப்சேயை எவ்வளவு குறைத்தாலும் 83,000. கெபாராவை எவ்வளவு கூட்டினாலும் 70,000 பக்கம். இரண்டும் தொடவே இல்லை! பேரன் முதலில் வந்துவிட்டான். பாட்டன் பிறகு வருகிறான். ஆகவே அவன் பாட்டன் இல்லை, பங்காளி.

கதை அதோடு முடியவில்லை. 2010-ல் ஸ்வாந்தே பேபோ குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டது. அவருக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஒன்றிரண்டு சதவீதம் அவர்களுடையது. இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு. பங்காளி சம்பந்தியும் ஆகிவிட்டார்!

இளைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண் தெரிந்தால் போதாது. அதில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சந்தேகத்தை ஒளித்த விடை ஒருநாள் காலை வாரிவிடும். சந்தேகத்தைச் சேர்த்து எழுதிய விடைதான் கடைசிவரை நிற்கும். ரெக்கார்டு நோட்டைத் திருப்பித் தந்த அந்தக் கைக்கு என் வணக்கம்.

பந்தி போட்டாச்சு என்று சைகை வருகிறது. பல் இருக்கிறவர்கள் முதலில் போங்கள்.