எது தப்பு, சார்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைத் தலைவர் நன்றாகவே பேசிவிட்டார். நான் என்னுடைய தவறு ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

ஐந்தாம் ஆண்டுக்கு 'நான் கண்ட கனவு' என்று கட்டுரை கொடுத்தேன். எல்லாரும் டாக்டராவேன், வக்கீலாவேன் என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் தூக்கத்தில் கண்டதையே எழுதியிருந்தான். (அவனையும் அவன் அப்பாவையும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.) பெரட்டுக் களத்தில் ஆட்களுக்குப் பதில் பால்மரங்கள் வரிசையாக நிற்கின்றன. தண்டல் பேர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு மரமும் "இருக்கேன்" என்கிறது. வரிசையின் கடைசியில், இறந்துபோன அவன் அம்மா. காலில் அவனுடைய பள்ளிச் சப்பாத்து.

நான் சிவப்பு மையால் கோடு போட்டு, 'நடக்கக்கூடியதை எழுதுக' என்று குறித்துவிட்டேன். ஓய்வு நேரத்தில் வந்து நின்றான். "எது தப்பு, சார்? மரம் பேசுனதா, அம்மா வந்ததா?" என்றான். பயிற்சிக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

நம் பக்கம் கனவு கண்டேன் என்றால் "என்ன நம்பர்டா?" என்றுதான் முதலில் கேட்போம். நாலு நம்பர் கடைக்குப் போகத்தான் கனவு! பல் விழுந்தது போல் கண்டேன் என்று பிள்ளை சொன்னால், "வாயை மூடு" என்போம்.

சின்ன வயதில் எனக்கும் விசித்திரக் கனவுகள் வரும். தோட்டத்து லாரி ஆற்றுக்கு அடியில் ஓடும். ஓட்டுவது எங்கள் தாத்தா. அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது! பெரட்டு மணியில் திடுக்கிட்டு விழித்த நாளில் கனவு முழுசாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறி எழுந்தால் ஒன்றும் இருக்காது.

காரணத்தைப் பிறகுதான் படித்தேன். உறக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் நேரம் ஒன்று உண்டு என்று 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் வெளியிட்டார்கள். அசெரின்ஸ்கி ஆரம்பத்தில் கம்பி பொருத்திச் சோதித்தது தன் எட்டு வயது மகனைத்தான். அந்நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவைச் சொன்னார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அவ்வுறக்கம் விடியற்காலையில் நீண்டிருக்கும். நம் மணி அதை நடுவில் வெட்டியிருக்க வேண்டும்.

மாணவர்களே, விழித்ததும் எழுந்து ஓடாதீர்கள். அசையாமல் கிடந்து, கடைசியில் கண்டதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறகு இரண்டு வரி எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதி வருகிறேன். பெற்றோர்களே, அவர்கள் சொன்னால் கொஞ்சம் காது கொடுங்கள், நம்பர் கேட்காமல்.

அந்தப் பையனின் கட்டுரையில் என் கோட்டை நானே அழித்தேன். மை போகவில்லை, தாள்தான் கிழிந்தது. புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் வந்தான்.

"சார், அம்மா மறுபடியும் வந்தாங்க."

"சப்பாத்து போட்டிருந்தாங்களா?"

"இல்ல சார். எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."