கைப்பின்னலும் நியாய விலையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நீலகிரிக் குளிரில் வாழும் நமக்குக் கம்பளி புதியதன்று. நமது மஹல்லாவில் பல இல்லங்களில் பெண்கள் ஸ்வெட்டர், மப்ளர், குழந்தைகளுக்கான குல்லா, காலுறை, தொழுகைத் தொப்பி ஆகியவற்றைக் கையால் பின்னி விற்று வருகிறார்கள். கணவரை இழந்த சகோதரிகள் சிலருக்கு அதுவே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். அவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்டனுப்பும் கேள்வி ஒன்றுண்டு: "ஹஜ்ரத், இதற்கு எவ்வளவு விலை சொல்லலாம்? கூடுதலாகச் சொன்னால் பாவமாகிவிடுமா?" அக்கேள்விக்குரிய விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கைத்தொழிலின் கண்ணியம்

தாவூத் (அலை) அவர்கள் நபியாகவும் அரசராகவும் இருந்தும் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்பதை நபிமொழிகள் வாயிலாக அறிகிறோம். அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசங்களின் வளையங்களை அளவோடு கோத்துப் பின்னுமாறு கட்டளையிட்டதையும் ஸபஉ அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். வளையத்தை வளையத்தோடு அளவு பிசகாமல் கோப்பதும் ஒரு பின்னல் வேலைதான். கண்ணி எண்ணிப் பின்னும் நம் சகோதரிகள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பெண்மணி கரை வைத்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, தம் கையாலேயே நெய்ததாகக் கூறி அன்பளிப்புச் செய்தார். அது தேவைப்பட்டவர்களாகவே அவர்கள் அதைப் பெற்று அணிந்துகொண்டார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் பொருளீட்டி, அதை அல்லாஹ்வின் பாதையில் வழங்கி வந்தார்கள். எனவே, ஒரு பெண் தன் கைவேலைக்குக் கூலி பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கணக்கும் ஓர் அமானிதமே

இனி விலைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒரு குழந்தை ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். நூல் ரூ. 200, பொத்தான் ரூ. 20, பின்னி முடிக்க 12 மணி நேரம். அதை ரூ. 350-க்குக் கொடுத்துவிட்டு, ரூ. 130 லாபம் என்று அந்தச் சகோதரி மகிழ்கிறார். 130-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்திற்கு 11 ரூபாய்கூட இல்லை! இது லாபமன்று, கூலியே முழுமையாகக் கிடைக்கவில்லை.

மணிக்கு ரூ. 40 என்று மிதமாகக் கணக்கிட்டாலும் உழைப்பு ரூ. 480, பொருட்செலவு ரூ. 220, பேருந்துக் கட்டணம், பை ஆகியவற்றுக்கு ரூ. 20. ஆக ரூ. 720. கடையில் வைத்து விற்றுக் கடைக்காரர் விற்ற விலையில் 20 சதவீதம் எடுத்துக்கொள்வாரானால், 720-உடன் 20 சதவீதம் கூட்டி ரூ. 864 என்று சொல்வது பிழை. 864-இல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது ரூ. 691 சொச்சமே. ரூ. 900 என்று விலை வைத்தால்தான், கடைக்காரருக்கு ரூ. 180 போக, ரூ. 720 கைக்கு வரும்.

"இவ்வளவு விலை ஆகுமா?" என்று கேட்கலாம். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கிவர நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். லாபத்திற்கு ஷரீஅத் குறிப்பிட்ட உச்சவரம்பு வைக்கவில்லை என்பதற்கு இதை உலமாக்கள் ஆதாரமாகக் காட்டுவர். ஷரீஅத் தடுப்பது பொய்யையும் ஏமாற்றையும்தான்.

"அசலே இவ்வளவு ஆச்சு"

நம் வியாபாரிகளின் நாவில் எளிதாக வரும் சொல் இது. அசலைச் சொல்லி அதன்மேல் லாபம் வைத்து விற்பதை ஃபிக்ஹு நூல்கள் 'முராபஹா' என்கின்றன. அதில் அசல் சிறிதும் பொய்யாக இருத்தல் கூடாது. விற்பவர் தம் சொந்த உழைப்பின் மதிப்பை, வெளிப்படையாகச் சொல்லாமல் அசலோடு கலந்து கூறவும் கூடாது என ஃபுகஹாக்கள் விளக்கியுள்ளனர். ஆகவே, சகோதரிகளே! ரூ. 220 செலவான பொருளுக்கு "நூலே ஐந்நூறு ரூபாய்" என்று சொல்லாதீர்கள். "நூலும் பொத்தானும் இவ்வளவு, என் உழைப்பு இவ்வளவு" என்று பிரித்துச் சொல்லுங்கள். அல்லது அசலே பேசாமல், "இதன் விலை இது" என்று சொல்லுங்கள். இரண்டும் ஆகுமானவை.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, அதை மேலே தெரியுமாறு வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்தார்கள். கண்ணி நழுவிய இடத்தை மடித்து மறைப்பதும், இயந்திரத்தில் பின்னியதைக் கைப்பின்னல் என்பதும், அக்ரிலிக் நூலை ஆட்டுக் கம்பளி என்பதும் அந்த ஈரத்தை மறைப்பதற்கு ஒப்பானவையே. ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பளி, முடி கருகும் வாடையுடன் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கட்டியாகும். அக்ரிலிக் விற்பது குற்றமன்று. அதைக் கம்பளி என்று சொல்லி விற்பதே குற்றம்.

ஆர்டர் வாங்கும்போது

அளவு, நிறம், நூலின் வகை, விலை, கொடுக்கும் நாள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். பின்னுபவரே நூல் போட்டுச் செய்துகொடுக்கும் ஒப்பந்தத்தை ஹனஃபி மத்ஹபில் 'இஸ்திஸ்னாஃ' என்பர். முன்பணம் அதில் நிபந்தனையன்று. ஷாஃபிஈ மத்ஹபில் 'ஸலம்' முறைப்படி முழு விலையையும் முதலிலேயே பெறவேண்டும். வாடிக்கையாளரே நூல் கொடுத்தால் அது கூலி ஒப்பந்தம். அப்போது கூலியை முன்னரே பேசி முடித்தல் அவசியம்.

மொத்தமாக ஆர்டர் பிடித்து, நூலைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று பல மாதங்கள் இழுத்தடிப்பது வியாபார சாமர்த்தியமன்று, அநீதி.

ஆந்திராவின் நர்சாபூர் வட்டாரத்தில் பெண்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் குரோஷா ஊசியால் லேஸ் பின்னி வருகிறார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. அவர்களைத் தொழிலாளர்களாக எண்ணாமல், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகள் என்று கருதியதே கூலி மிகக் குறைவாக இருக்க வழிவகுத்தது என்று அந்நூல் எடுத்துக்காட்டியது. அவர்கள் பின்னியவை வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயின. லாபம் வியாபாரிகளிடம் சேர்ந்தது. "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று நாம் சொல்லும்போதெல்லாம் அதே அநீதிக்குத் துணைபோகிறோம்.

வாங்குபவரின் கடமை

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்கு விலை பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர்கள், இதன் மதிப்பு அதைவிடக் கூடுதல் என்று விற்பவரிடம் தாமே கூறி, படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். முஸ்லிம்கள் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் செய்த பைஅத்தே அதற்குக் காரணம். நாமோ சொந்தக்காரப் பெண்ணிடம் சென்று, "நூலுக்கு மட்டும் காசு தருகிறேன்" என்கிறோம். அவர் மனமுவந்து கொடுத்தால் அது அன்பளிப்பு. உறவுக்கு அஞ்சி மறுக்க முடியாமல் கொடுத்தால், அது நமக்கு எப்படி ஹலாலாகும்?

லூதியானாவிலிருந்து வரும் இயந்திர ஸ்வெட்டரின் விலைக்குக் கைப்பின்னலை விற்க இயலாது. அந்தப் போட்டியில் சகோதரிகள் இறங்கவும் வேண்டாம். விற்க இயலாத விலை என்று தோன்றினால் உழைப்பின் மதிப்பைக் குறைக்காதீர்கள், பொருளை மாற்றுங்கள். மூன்று மணி நேரத்தில் முடியும் குல்லாவுக்கு நூல் ரூ. 50, உழைப்பு ரூ. 120, ஆக ரூ. 170 போதும். சுற்றுலா வருவோர் தயங்காமல் வாங்கும் விலை அது. கேட்ட அளவில், கேட்ட நிறத்தில் செய்து கொடுப்பதும், பிரிந்துபோனால் சரிசெய்து தருவதும் உங்களுக்கே உரிய பலம்.

நிறைவாக நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். நமது மக்தப் மதரஸாப் பிள்ளைகளுக்கான தொப்பிகளை இவ்வாண்டு முதல் நம் சகோதரிகளிடமே வாங்குங்கள். பேரம் பேசாமல், எழுதிய விலையை, பொருள் கைக்கு வந்த அன்றே கொடுங்கள். ஜமாஅத் செய்வதைப் பார்த்து மஹல்லா செய்யும்.

ஹலாலான உழைப்பில் பரக்கத்தையும், கொடுக்கல் வாங்கலில் நீதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.