எட்டாவது கடிதம்

(பழவங்காடியில் ‘7 லெட்டர்ஸ்’ திரைப்படத் திரையிடலையொட்டி நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழவங்காடியிலிருந்து சாலைக் கடைவீதிக்குள் நுழைந்து சற்றுத் தூரம் நடப்பதற்குள் மலையாளம், தமிழ், இந்தி, வங்காளம் என நான்கு மொழிகளாவது காதில் விழுகின்றன. இதே வீதியில் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டு, இங்கு மூட்டை சுமந்தவர்களையும் நடைபாதையில் உறங்கியவர்களையும் தமிழில் எழுதியவர் ஆ. மாதவன். ஒரு நகரத்தை ஒற்றைக் கதையில் அடக்கிவிட முடியாது என்பதற்கு அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’ சான்று. ஏழு இயக்குநர்கள் ஒரு நகரத்தைப் பற்றி எடுத்த ஏழு குறும்படங்களை இங்கு அமர்ந்து பார்ப்பது பொருத்தமானதே.

‘7 லெட்டர்ஸ்’ 2015-இல், சிங்கப்பூர் தனிநாடாகி ஐம்பது ஆண்டுகள் ஆனதையொட்டி வெளிவந்தது. பொன்விழாப் படம் என்றதும் கொடியும் அணிவகுப்பும் வானளாவிய கட்டடங்களும் நினைவுக்கு வரலாம். படம் அப்படி அமையவில்லை. கம்பம் என்று அந்நாட்டுத் தமிழர் சொல்லும் பழைய குடியிருப்புகளின் நினைவில் சில இடங்களில் ஏக்கம் மிகையாகிவிடுவது உண்மைதான். ஆனால் வேறொன்று கவனத்திற்குரியது. ஏழில் மூன்று படங்கள் எல்லை தாண்டி மலேசியாவுடன் பிணைந்து நிற்கின்றன.

டான் பின் பின்னின் படத்தில், வளர்ப்புத் தாய் ஒருத்தி தன் குழந்தையின் பிறப்பிடத்தைத் தேடி மலேசியாவுக்குப் போகிறாள். பூ ஜுன்ஃபெங்கின் படத்தில் ஒரு மலாய் முதியவர் பழைய காதலியைத் தேடி ரயிலில் சிங்கப்பூருக்கு வருகிறார். கெல்வின் டோங்கின் படத்தில் ஒரு குடும்பம் ஆண்டுதோறும் எல்லை கடந்து தாத்தாவின் கல்லறைக்குச் செல்கிறது. இறந்துபோன கணவர் வீடு திரும்ப வழி தெரியாமல் தவிக்கக் கூடாதே என்று, பாட்டி ஒவ்வொரு திருப்பத்தையும் கல்லறை முன் நின்று சொல்கிறாள். நகரமோ ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கிறது. பழைய அடையாளங்கள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுகின்றன. எனவே அவள் சொல்ல வேண்டிய வழியும் மாறுகிறது. பிறந்து வளர்ந்த ஊரிலேயே மனிதரை வழி தெரியாதவராக்கும் வளர்ச்சியைப் பற்றி இவ்வளவு எளிமையாகச் சொன்ன படங்கள் குறைவு.

கே. ராஜகோபாலின் படம் தமிழருக்கு நெருக்கமானது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் காலம். அவர்களிடம் ஊழியம் செய்த ஓர் இந்திய வம்சாவளிக் குடும்பத்தின் பெரியவர் பிரிட்டனுக்குப் போய்விட விரும்புகிறார். இளைய தலைமுறைக்கு இந்த மண்ணை விட மனமில்லை.

டான் பின் பின்னைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். ‘டு சிங்கப்பூர், வித் லவ்’ என்ற ஆவணப்படத்தை அவர் 2013-இல் எடுத்தார். நாட்டைவிட்டு வெளியேறித் திரும்ப முடியாமல் போன அரசியல் அகதிகள் அதில் பேசுகிறார்கள். அவர்களில் இடதுசாரிகளும் உண்டு. நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கிறது என்று கூறி, 2014 செப்டம்பரில் அரசு அதன் பொதுத் திரையிடலைத் தடுத்தது. அதே மாதம் ஜொகூர் பாருவில் அது திரையிடப்பட்டபோது நூற்றுக்கணக்கான சிங்கப்பூரர்கள் எல்லை கடந்து போய்ப் பார்த்தார்கள். தம் நாட்டின் வரலாற்றைக் காண அண்டை நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது! 1963 பிப்ரவரி 2 அன்று நடந்த ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகளும் தொழிற்சங்கத்தினரும் சிறைப்பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் கேரள வேர்கள் கொண்ட ஜேம்ஸ் புதுச்சேரியும் ஒருவர். நாடு கடந்து வாழ்ந்தோரின் படத்தைத் தடுத்த அரசின் பொன்விழாவில், பிறப்பிடம் தேடிச் செல்லும் குழந்தையின் கதையை அதே இயக்குநர் சொன்னார் என்பதைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சுட்டப்படும் இந்தப் பொருளுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன: உறவு, உரிமை. ஏழு கடிதங்களும் உறவைப் பற்றியவை. உரிமையைப் பேசியிருக்க வேண்டிய எட்டாவது கடிதம் எழுதப்படவில்லை. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்நாட்டின் கட்டடங்களையும் சுரங்கப் பாதைகளையும் எழுப்பத் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போகும் தொழிலாளி, பணி அனுமதிச் சீட்டில் இருக்கும்வரை குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. அந்நாட்டுக் குடிமகளை மணக்க அரசின் ஒப்புதல் வேண்டும். 2020-இல் கொரோனா பரவியபோது, தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொற்று பிடித்தது. மொழிக்குக் கிடைத்த இடம் அம்மொழி பேசும் உழைப்பாளிக்குக் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரைக் குறை சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. இங்கே என்ன நிலை? கேரளத்தில் வெளிமாநிலத்தவரை ‘அதிதி தொழிலாளி’ என்று அழைக்கிறோம். 2017-இல் இடதுசாரி அரசு அவர்களுக்காக ‘ஆவாஸ்’ காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எழுத்தறிவு இயக்கம் ‘சங்ஙாதி’ என்ற பெயரில் அவர்களுக்கு மலையாளம் கற்பித்தது. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தை ஒன்றிய அரசு 2020-இல் ஒரு தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்ததோடு ஒப்பிட்டால், இவற்றின் மதிப்பு விளங்கும். ஆனாலும் அந்தச் சொல் உறுத்துகிறது. அதிதி என்றால் விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. பத்தாண்டுகளாக இங்கே செங்கல் சுமக்கிறவர், இங்கேயே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர், எதுவரை விருந்தாளி?

சாலையில் மூட்டை சுமப்போருக்கு ஒருகாலத்தில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. போராட்டங்களின் விளைவாக 1978-ஆம் ஆண்டின் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் வந்தது; பதிவும் நலநிதியும் அதன் வழியே கிடைத்தன. அட்டை பெற்ற அந்தத் தோழர் இறக்கி வைக்கும் சிமெண்டு மூட்டையை அடுத்த தெருவில் குழைப்பவர் முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவர். அவர் நம் சங்கத்தில் இருக்கிறாரா, கூட்டத்தில் பேசுகிறாரா, பேசினால் அதை மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறோமா? இப்போது தொடங்கவிருக்கும் விவாதத்தில், வந்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்கள் முதலில் இதற்கு விடை சொல்லட்டும். அடுத்த உறுப்பினர் சேர்ப்புப் படிவம் எந்தெந்த மொழிகளில் அச்சாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.