கருவியும் கையொப்பமும்



பிறந்த ஊரை விட்டுப் பெங்களூரிலும், ஹைதராபாத்திலும், புனேயிலும், நொய்டாவிலும் குடியேறிய தமிழருள் பலர் மென்பொருள் தொழிலை நம்பி வாழ்கின்றோம். இத்தொழிலில் இன்று புகுந்துள்ள செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடனும் சிக்கனமாகவும் கையாள்வது எங்ஙனம் என்பதே இப்பொழுது நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ‘சாட்ஜிபிடி’ என்னும் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே நிரல் எழுதவும், பிழை தேடவும், அறிக்கையைச் சுருக்கவும், வாடிக்கையாளருக்கு விடை கூறவும் இத்தகைய கருவிகள் கம்பெனிகளில் இடம்பெற்றுவிட்டன. சிலர் இதனைக் கற்பகத் தரு எனப் போற்றுகின்றனர். சிலர் பிழைப்பைப் பறிக்க வந்த பூதம் என அஞ்சுகின்றனர். இரு சாராரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கருவி செய்து தரும் வேலைக்குக் கையொப்பம் இடுவோர் யார்?

விடை காணுமுன், கருவி இயங்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கோடிக்கணக்கான பக்கங்களில் சொற்கள் ஒன்றை அடுத்து ஒன்று வரும் பாங்கினை அது பயின்றிருக்கிறது. நாம் ஒரு வினாவை இட்டால், அடுத்து வரத்தக்கது எது என்று கணித்துக் கணித்தே விடையைத் தொடுக்கிறது. ஆதலின் அதன் நடை தடையின்றி ஓடும். ஆனால் நடையின் தெளிவு பொருளின் உண்மைக்குச் சான்று ஆகாது. உள்ளதைச் சொல்லும் அதே உறுதியுடன் இல்லாததையும் அது சொல்லக்கூடும்.

2023-இல் நியூயார்க் நகரில் வழக்கறிஞர் இருவர், இக்கருவி புனைந்து தந்த முன்தீர்ப்புகளை மெய்யென நம்பி நீதிமன்றத்தில் காட்டினர். அத்தகைய தீர்ப்புகளே இல்லை என்பது தெரியவந்தபோது 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மறு ஆண்டு, கனடாவின் விமானக் கம்பெனியான ஏர் கனடாவின் இணையத்தளத்தில் விடையளிக்கும் கருவி, துக்க காலப் பயணச் சலுகையைப் பற்றித் தவறான தகவல் கூறியதாக எழுந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. கருவியின் சொல்லுக்குத் தான் பொறுப்பன்று என்னும் கம்பெனியின் வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பயணிக்கு இழப்பீடு தருமாறு பணித்தது. வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது என்பதே இவ்விரண்டும் உணர்த்தும் பாடம்.

அடுத்து, ரகசியத்தைப் பற்றிய எச்சரிக்கை. 2023-இல் தென் கொரியாவின் சாம்சங் கம்பெனிப் பணியாளர் சிலர், கம்பெனியின் நிரலையே வெளிக்கருவியில் இட்டுத் திருத்தம் கேட்டனர். அதன் பின்னர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த அக்கம்பெனி தடை விதித்தது. வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுத்துக் கூர் பார்க்கச் சொல்வாருண்டோ? நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. தரவைக் காக்கும் கடமையில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், கணக்கு விவரம் ஆகியவற்றை நீக்கிய பின்னரே எதனையும் கருவியிடம் கொடுத்தல் வேண்டும். அதுவும் கம்பெனி ஒப்புக்கொண்ட கருவியாக இருத்தல் வேண்டும்.

இனிச் சிக்கனம். கருவி வந்ததனாலேயே வேலை விரைந்துவிடும் என்று கொள்வது சரியன்று. எம்.இ.டி.ஆர். என்னும் ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவம் மிக்க 16 நிரலாளர்களுக்கு 246 பணிகளைக் கொண்டு சோதனை நடத்தியது. கருவியைக் கையாண்டபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆயிற்று. அவர்களோ 20 சதவீதம் விரைந்து முடித்ததாக எண்ணியிருந்தனர்! கருவிகள் நாளும் வளர்கின்றன. எல்லாப் பணிக்கும் இக்கணக்குப் பொருந்தும் என்பதில்லை. எனினும், விரைவை அளந்தே அறிதல் வேண்டும், உணர்ந்து அறிதல் போதாது என்பது இதனால் விளங்கும். திருத்தும் நேரத்தையும் சேர்த்து எண்ணுவதே நேர்மையான கணக்கு.

பணச் செலவும் உண்டு. பெரும்பாலும் ‘டோக்கன்’ எனப்படும் சொல் துணுக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டே கட்டணம் கணக்கிடப்படுகிறது. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழில் பொதுவாகத் துணுக்குகள் மிகுதி. தமிழ் பேசும் வாடிக்கையாளருக்குச் சேவை அமைப்போர் இதனை முன்னரே கணக்கிடுதல் நன்று. பட்டியலை அகர வரிசைப்படுத்தவும், கூட்டிக் கழிக்கவும் பழைய நிரலே போதும். கொசுவை ஓட்டக் கோடரி எதற்கு?

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இன்னும் கவனம் தேவை. அமேசான் கம்பெனி, 10 ஆண்டு விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றிய ஒரு கருவி பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அம்முயற்சி கைவிடப்பட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. பழைய தேர்வில் இருந்த சார்பையே யந்திரமும் கற்றுக்கொண்டது. பெயரையும் பேச்சையும் கொண்டே எடைபோடப்படும் துன்பம் வெளி மாநிலங்களில் வாழும் நமக்குப் புதிதன்று. அதனை யந்திரத்தின் வழியாகப் பிறருக்கு இழைத்தல் தகாது.

நிறைவாக, இளைஞரைப் பற்றி ஒரு சொல். திருநெல்வேலியிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பட்டம் பெற்று வந்த நம்மவர், சிறு பிழைகளைத் திருத்தித் திருத்தியே தொழில் கற்றனர். அச்சிறு வேலை அனைத்தையும் கருவிக்கே கொடுத்துவிட்டால், நாளை அக்கருவியின் பிழையைக் கண்டுபிடிக்கவல்ல கண் எங்கிருந்து வரும்? ஆகவே, புதிதாக வரும் பணியாளர் கருவி தந்த நிரலை வரி வரியாக விளக்கிய பின்னரே அதனை ஏற்கும் வழக்கத்தை, தலைமைப் பொறுப்பில் இருக்கும் நம்மவர் தத்தம் குழுவில் ஏற்படுத்துவாராக. இதனால் சில மணி நேரம் செலவாகலாம். ஆயினும் பின்னாளில் துணிந்து கையொப்பம் இடவல்ல ஒரு பொறியாளர் அங்கே உருவாகிறார்.